பழைய கணினியைச் சீர்படுத்துவதா, புதிதாக வாங்குவதா? உதவி தேவை

குடியாத்தம் டிடிபி:
வணக்கம். கடைக் கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. காலையில் அதை இயக்கிவிட்டுத் தேநீர் குடித்து வந்தாலும் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் திறந்திருப்பதில்லை. இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்றும் திரையில் வருகிறது. தை முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்திருக்கின்றன. இதற்கே செலவு செய்யலாமா, புதிதாக வாங்கிவிடலாமா? அவசரம்.

காட்பாடி நண்பன்:
என்ன பிராசசர், எத்தனை ஜிபி ரேம் (வேலை நினைவகம்), உள்ளிருப்பது சுழலும் தட்டுள்ள ஹார்டு டிஸ்க்கா, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியா, எவ்வளவு செலவிட முடியும் என்று சொல்லுங்கள் சார்.

வாலாஜா சர்வீஸ்:
வேலூர் வெயிலையும் புழுதியையும் தாங்கிய கணினி அல்லவா? பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் தூசி அடைத்து, இடையில் பூசிய பேஸ்ட்டும் காய்ந்துபோனால், சூட்டைத் தாங்க முடியாமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதலில் திறந்து சுத்தம் செய்யுங்கள். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

ஆற்காடு மூத்தவர்:
விவரம் எதுவும் இல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது என்று இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தம்பி, கணினியின் பெயரைக்கூடச் சொல்லாமல் மருந்து கேட்கிறீர்கள். அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

குடியாத்தம் டிடிபி:
மன்னிக்கவும். பிராசசர் ஐ3-4130, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2014இல் வாங்கியது. தூசி தட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. பத்தாயிரத்துக்கு மேல் இப்போது இயலாது.

காட்பாடி நண்பன்:
இங்கே இரண்டு சிக்கல்கள் கலந்துவிட்டன. உங்களுடையது 2013இல் வந்த நான்காம் தலைமுறைப் பிராசசர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசரையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும் கேட்பதால், ரேமை மாற்றினாலும் டிஸ்க்கை மாற்றினாலும் அந்த அறிவிப்பு போகாது. ஆனால் கணினி மெதுவாக ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 4 ஜிபி ரேம் நிறைந்தவுடன் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கையே நினைவகம்போலப் பயன்படுத்தத் தொடங்குகிறது; சுழலும் தட்டில் ஊசிமுனை ஒவ்வொரு துண்டையும் தேடிச் செல்ல ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகிறது. எஸ்எஸ்டியில் அந்தத் தேடலே கிடையாது. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் சாட்டா இணைப்புள்ள 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றும், டிடிஆர்3 ரேம் 4 ஜிபியும் போதும். அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்4 இதில் பொருந்தாது. நாளை புதிய கணினி வாங்கினாலும் எஸ்எஸ்டியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம், டிடிஆர்3 ரேம் மட்டுமே வீணாகும். ஆகவே முதலில் எஸ்எஸ்டியை வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டதால், வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்காதீர்கள்.

ஆம்பூர் லினக்ஸ்:
அந்தக் கவலையே வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் பாதுகாப்பும் கிடைக்கும், வேகமும் கூடும்.

வாலாஜா சர்வீஸ்:
பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாதே! பத்து ஆண்டுப் பத்திரிகைகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து அமர்ந்திருக்கிறது. எழுத்துரு மாறினால் மணமகன் பெயரே சிதைந்துவிடும்.

ஆம்பூர் லினக்ஸ்:
அதனால்தான் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிக்கோடுக்கு மாறச் சொல்கிறேன். என்றைக்காவது மாற்றித்தானே ஆகவேண்டும்?

வாலாஜா சர்வீஸ்:
என்றைக்காவது மாற்றலாம், முகூர்த்த மாதத்தில் வேண்டாம். வாசலில் நிற்கும் பெண் வீட்டாரிடம் யூனிக்கோடைப் பற்றி விளக்க முடியுமா?

ஆற்காடு மூத்தவர்:
இருவரும் வேறு இழை தொடங்குங்கள். இங்கே கேட்கப்பட்டது அதுவல்ல.

குடியாத்தம் டிடிபி:
டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது. 240 ஜிபி எஸ்எஸ்டி பொருத்தி, விண்டோஸையும் பேஜ்மேக்கரையும் புதிதாகப் பதிந்தேன். இப்போது ஒரு நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிவிடுகிறது. ரேம் பிறகு பார்க்கலாம். அனைவருக்கும் நன்றி.

காட்பாடி நண்பன்:
மகிழ்ச்சி. பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த பத்திரிகைக் கோப்புகளை வேறொன்றில் நகல் எடுத்துவிட்டீர்களா?