நாட்டுத் தக்காளி மணம்: எந்த மரபணு, எங்கே போனது?

மொட்டைமாடி மீனா:

எல்லோருக்கும் வணக்கம். மாடியில் பதினைந்து பையில் தக்காளி வைத்திருக்கிறேன். ஏழு பையில் ஊரிலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய விதை, மீதி எல்லாம் கடையில் வாங்கிய ஹைப்ரிட். மண் ஒன்றுதான், எரு ஒன்றுதான், ஊற்றுகிற தண்ணீரும் ஒன்றுதான். ஆனாலும் ரசத்துக்குப் பழத்தைக் கையால் பிசையும்போதே வித்தியாசம் தெரிந்துவிடுகிறது. அத்தை விதைப் பழம் என்றால், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமனார் அங்கிருந்தே "இன்னைக்கு நாட்டுத் தக்காளியாம்மா?" என்று கேட்டுவிடுவார். ஹைப்ரிட்டில் நிறம் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, மணம்தான் இல்லை. வாசனைக்கென்று ஒரு மரபணு இருந்து அது தொலைந்துவிட்டதா? இரண்டையும் மகரந்தம் மாற்றி ஒட்டுச்சேர்த்தால் ஹைப்ரிட் காய்ப்பும் அத்தை பழத்து வாசனையும் ஒரே செடியில் கிடைக்குமா? பறிக்கும்போது கையில் ஒட்டுகிற அந்தப் பச்சை வாடையும் இதே கதைதானா?

விதைப்பெட்டி:

எல்லாம் யூரியா செய்கிற வேலைங்க. மரபணு எல்லாம் அப்புறம்.

பழைய லேப்காரன்:

விதைப்பெட்டி, ஒரே மண், ஒரே எரு என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், பாவம் யூரியாவை விடுங்கள்.

மீனா, கடைசிக் கேள்வி சுலபம். கையில் ஒட்டுகிற வாடை செடியின் தண்டிலும் இலையிலும் காம்பிலும் இருக்கும் நுண்ணிய முடிகளிலிருந்து வருவது, பழத்தின் மணத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. காம்போடு கொத்தாக விற்கும் தக்காளி மணப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான், காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு மோந்து பாருங்கள்.

இனி பெரிய கேள்வி. வாசனைக்கு என்று தனியாக ஒரு மரபணு கிடையாது. தக்காளியில் ஆவியாகும் பொருட்கள் 400-க்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள், நம் மூக்குக்கு முக்கியமானவை அதில் ஓர் இருபது முப்பதுதான் இருக்கும். அவற்றையும் செடி புதிதாக ஒன்றும் காய்ச்சி எடுப்பதில்லை, கையில் இருப்பதை உடைத்தே செய்கிறது. பழத்தைச் சிவக்க வைக்கும் லைகோபீன் உடையும்போது பழவாசனையும் பூவாசனையும் கலந்த ஒன்று வரும். ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து லேசான ரோஜா மணம். செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு அமிலம், நீங்கள் கத்தி வைத்த நொடியில் உடைந்து புல் வெட்டினாற்போல ஒரு பச்சை மணம் தரும். ஒவ்வொன்றையும் உடைக்கத் தனித்தனி நொதி, அந்த நொதிக்கு ஒரு மரபணு. ஆக, நீங்கள் கேட்பது ஒரு ஆள் இல்லை, ஒரு மேளக் கச்சேரி.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு மென்று பாருங்கள், வெறும் புளிப்பும் தித்திப்பும்தான். மூக்கை விட்டதும் "தக்காளி" வந்துவிடும்.

எங்கே போனது என்பதற்கு 2017-இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து ஹாரி க்ளீ குழுவும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து 398 ரகங்களின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள், 101 ரகங்களைச் சாதாரண மனிதர்களிடம் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். ருசிக்குக் காரணமான ஆவிப் பொருட்களில் 13 நவீன ரகங்களில் கணிசமாகக் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று குறைக்கவில்லை. ரகம் உருவாக்குகிறவர் மகசூலை எடை போடுவார், பழத்தை அழுத்தி உறுதி பார்ப்பார், நோய் வருகிறதா என்று பார்ப்பார். ஆயிரம் செடியை மோந்து பார்க்க யாருக்கு நேரம்? ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோ ஒரு நல்ல மரபணு வடிவம் நழுவிப்போகும், தட்டில் வரும் வரை யாருக்கும் தெரியாது.

எனக்கு இதில் நம்பிக்கை தருவது ஒரு விஷயம். சர்க்கரையைக் கூட்ட வேண்டும் என்றால் செடி நிறையச் செலவழிக்க வேண்டும், பழம் பெரிதாகப் பெரிதாகத் தித்திப்பு குறைந்துவிடும். மணப்பொருளோ மிக மிகச் சிறிய அளவு, அதைத் திரும்பக் கொண்டுவந்தால் மகசூல் அடிபட வேண்டிய அவசியமே இல்லை. சில மணங்கள் இல்லாத தித்திப்பையும் இருப்பதுபோல் காட்டும்.

தொலைந்ததற்கு நல்ல உதாரணம் டாம்லாக்ஸ்-சி. கொழுப்பு அமிலத்தை உடைக்கும் மரபணுக்களில் ஒன்று. 2019-இல் 725 தக்காளி ரகங்களை ஒப்பிட்டபோது, அதுவரை ஒப்பிடுவதற்கு மாதிரியாக வைத்திருந்த மரபணுத் தொகுதியில் இல்லாத 4,873 மரபணுக்கள் கிடைத்தன. அப்போதுதான் இதன் ஓர் அரிய வடிவமும் தெரியவந்தது. மரபணு அதே, அதை முடுக்கிவிடும் முன்பகுதி மட்டும் வேறு. சுண்டைக்காய் அளவே இருக்கும் காட்டுத் தக்காளியில் இது 91 சதவீதத்தில் இருக்கிறது, மேலை நாட்டுப் பாரம்பரிய ரகங்களில் வெறும் 2 சதவீதம். ஆக, "பழைய ரகம் என்றாலே எல்லாம் இருக்கும்" என்பதும் சரியில்லை. வேடிக்கை, நவீன ரகங்களில் அது மறுபடி 7 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது.

விதைப்பெட்டி:

சரி சரி, யூரியாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்படியென்றால் ஏதாவது ஒரு மண மரபணுவை நன்றாக ஏற்றிவிட்டால் தீர்ந்தது இல்லையா?

பழைய லேப்காரன்:

அதுவும் நடந்திருக்கிறது. பெனெல்லி என்ற காட்டு இனத்தின் குரோமோசோம் துண்டு ஒன்றைத் தக்காளிக்குள் கொண்டுவந்தபோது, மேலே சொன்ன ரோஜா மண வகைப் பொருட்கள் தாறுமாறாக ஏறி, பழம் குமட்டலெடுக்க ஆரம்பித்தது. அந்த மரபணு இடத்துக்கே "துர்நாற்றம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூடிக் குறைய எல்லாம் அளவில்தான் இருக்கிறது.

ரசப்பிரியை:

மரபணு பேச்சு எல்லாம் சரிதான், மீனா, பறித்த பழத்தை எங்கே வைக்கிறீர்கள்? ஃப்ரிட்ஜ் என்றால் முதலில் வெளியே எடுங்கள். 2016-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, ஒரு நாள் வெளியே வைத்த பிறகும் மணப்பொருள் 65 சதவீதம் வரை குறைந்திருந்தது. சர்க்கரை, புளிப்பு எல்லாம் அப்படியே. குளிரில் மரபணு அழியவில்லை, அதை முடுக்கும் இடத்தில் மெத்தில் என்ற சின்ன மூட்டை வந்து உட்கார்ந்து வாயை அடைத்துவிடுகிறது, வெளியே எடுத்ததும் அது உடனே இறங்குவதில்லை.

மொட்டைமாடி மீனா:

அடடா, இரண்டு வகையும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான் கிடக்கின்றன! சரி, ஒட்டுச்சேர்ப்பதைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பழைய லேப்காரன்:

செய்யலாம். நாளைக்கு விரியப்போகிற மொட்டில் மகரந்தக் கூம்பை இடுக்கியால் உருவி எடுத்துவிட்டு, மறுநாள் அத்தை செடியின் மகரந்தத்தைச் சூலக முடியில் தடவுங்கள். கடை ஹைப்ரிட்டே ஏற்கெனவே ஒரு கலப்பு என்பதால் முதல் தலைமுறையிலேயே செடிக்குச் செடி கொஞ்சம் மாறும். அதன் விதையைப் போட்டால் இன்னும் பெரிய கூத்து, குணங்கள் எல்லாம் சிதறும். காய்ப்பு ஒரு செடியில், மணம் இன்னொன்றில். இரண்டும் சேர்ந்த ஒன்றைப் பிடிக்க நூற்றுக்கணக்கில் நட்டு, தலைமுறை தலைமுறையாக மோந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்து பையில் ஆகாது. என்னைக் கேட்டால் அத்தை விதையை அப்படியே எடுத்து வையுங்கள். தக்காளி பெரும்பாலும் தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும், பக்கத்துப் பையில் ஹைப்ரிட் இருப்பதால் பெரிதாகக் கெடாது.

ஒன்று மட்டும் பாருங்கள். காயாக இருக்கும்போது அத்தை பழத்தின் காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கிறதா? அதைப் பச்சைத் தோள் என்பார்கள். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் எப்போது பறிப்பது என்று தெரிவது சுலபம் என்று, அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அந்த வகையையே தேர்ந்தெடுத்தார்கள். 2012-இல்தான் தெரிந்தது, அது ஜிஎல்கே-2 என்ற மரபணு பழுதானதால் வந்த குணம். அது பழுதானால் காயில் பசுங்கணிகம் குறையும், சர்க்கரையும் நிறமியும் குறையும். நிறமிதான் மணத்துக்கு மூலப்பொருள் என்று மேலே சொன்னேனே. நம் ஊரில் பெரியகுளத்து பிகேஎம் 1, அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்தது, அதில் பச்சைத் தோள் உண்டு.

மொட்டைமாடி மீனா:

இப்போதுதான் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தை காய் எல்லாவற்றிலும் காம்பைச் சுற்றி, யாரோ பச்சை மையைத் தொட்டு வைத்த மாதிரி ஒரு வளையம். ஹைப்ரிட்டில் ஒன்றில்கூட இல்லை. மாமனாரிடம் காட்டினேன், "எங்க காலத்துல இது இல்லாத தக்காளியே கிடையாதேம்மா" என்கிறார். ஃப்ரிட்ஜையும் காலி செய்தாச்சு.