வீடு விற்கும் முன் கீறல் விழுந்த கதவு, நிலையைச் சரி செய்தவர்கள் வாருங்கள்

கும்பகோணம் வீட்டுக்காரன்:

அப்பா 1987-இல் கட்டிய வீட்டைப் போன மாசியில் விற்றோம். சுவருக்கு வெள்ளையடிப்பதில் பெரிய யோசனை இல்லை. என்னைப் படுத்தி எடுத்தது மரவேலைதான். வாசல் நிலையும் இரட்டைக் கதவும் நல்ல தேக்கு. அறைக் கதவுகள் 2009-இல் மாடி எடுத்தபோது போட்டவை, மேலே தேக்கு வெனீர் (தாள்போல் சீவிய மெல்லிய மரத்தகடு) ஒட்டியவை. எல்லாவற்றிலும் கீறல். பூட்டைச் சுற்றிச் சாவி உரசிய தடம், சைக்கிள் இடித்த பள்ளம், கட்டிலை உள்ளே கொண்டுபோனபோது விழுந்த நீளக் கோடு. புரோக்கர் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் பிரவுன் எனாமல் ஒரு கோட் அடிச்சிடுங்க, பளிச்சுனு ஆயிடும்" என்றார். இத்தனை வருடம் ரேகை தெரிய நின்ற தேக்கை எனாமலில் மூட எனக்கு மனம் வரவில்லை.

நிலையின் மேல் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று மாவிலை கட்ட அடித்த ஆணிகள். ஏணி போட்டு எண்ணினேன், 31 துளை. ஒவ்வொன்றையும் சுற்றி மை தெறித்ததுபோல் கறுப்பு வளையம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பாலிஷ் போட வந்த பெரியவர்தான் விளக்கினார். மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடுமாம். கடுக்காயோடு இரும்பு சேர்த்துச் சாயம் காய்ச்சுவார்களே, அதே சங்கதி. ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு தடவி, ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தோம். வளையம் கண்ணெதிரே மங்கியது. அது விஷம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அந்தப் பெரியவர் வந்ததும் முதலில் செய்தது, கீல் பக்கம் வெளியே தெரியாத ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றி எடுத்ததுதான். தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. "அரக்கு பாலிஷ்தான் தம்பி, முழுக்கச் சுரண்ட வேண்டாம்" என்றார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதால் புதுப் பூச்சு பழையதோடு கலந்துவிடும், ஒட்டுப் போட்ட தடம் தெரியாது. சைக்கிள் பள்ளத்தில் பாலிஷை மட்டும் துடைத்தெடுத்துவிட்டு, ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார். நசுங்கிய நார் உப்பி மேலே வந்தது. அறுபட்ட கீறலுக்கு இது உதவாது, அமுங்கிய பள்ளத்துக்கு மட்டும்தான்.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன். அவர் வருவதற்கு முன்பே அறைக் கதவின் கீறலை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் தேக்கு நிறம் போய், உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய கட்டை எட்டிப் பார்த்தது. வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தக் கதவைக் காப்பாற்ற முடியவில்லை. வாங்க வந்தவரிடம் நானே காட்டிச் சொல்லிவிட்டேன்.

மதுரை வாசகி:

அண்ணா, நீங்கள் எனாமல் அடிக்காதது நல்லது. நான் வாங்கிய பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் வாங்கிய வீட்டில் நிலைகளுக்கெல்லாம் புத்தம்புது பெயிண்ட். குடிவந்து நான்காம் மாதம் கொசுவலை அடிக்க வந்த ஆசாரி திருப்புளியை வைத்து அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பெயிண்ட் தோல் மட்டும் நிற்கிறது, உள்ளே முழுக்கக் கரையான் மண். அம்மா அந்த நிலைக்கு வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவிலேயே இருக்கிறதாம். சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது என்று நாங்கள் எப்படி நிரூபிப்பது? விட்டுவிட்டோம். கீறலை மறையுங்கள், யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். கரையானை மறைக்காதீர்கள்.

பாலிஷ் வேலை, 22 வருடம்:

கும்பகோணம் சார் சொன்னது சரி. அந்த ஸ்பிரிட் சோதனையை எல்லோரும் செய்யுங்கள். ஸ்பிரிட்டுக்கு இளகாமல் தின்னருக்கு இளகினால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைனோ பி.யூ.வோ (பாலியூரிதேன்), இறுகியபின் கரையாத பூச்சாக இருக்கும். அதன்மேல் அரக்கு தடவிச் சரிக்கட்டப் பார்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும், ஆளைக் கூப்பிடுவதுதான் நல்லது.

வெனீரா கட்டை மரமா என்று தெரியாவிட்டால் கதவின் விளிம்பைப் பாருங்கள். முகத்தில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் கட்டை. தனியாக லிப்பிங் பட்டி (விளிம்பை மூடும் மரப்பட்டி) ஒட்டியிருந்தால் உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள். வெனீரில் லேசான கீறலுக்கு நிறம் ஏற்றிய மெழுகே போதும்.

அப்புறம், ஆணித் துளையை ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைப்பார்கள். காய்ந்த பசை ஸ்டெயினரை (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) உறிஞ்சாது. பாலிஷ் போட்டதும் துளைக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். 31 துளை என்றால் 31 புள்ளி. கெட்டி அரக்கில் அதே மரத்தின் தூளைக் குழைத்து அடையுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், கதவு நிற்கும் இடத்திலேயே பாருங்கள். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் நனைத்தால் ஒரு நொடி மினுங்கும், பாலிஷ் போட்டபின் வரும் நிறம் ஏறக்குறைய அதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். ஈரக் காற்றில் அரக்கு வெளுத்துப் பூத்துவிடும்.

தோரணத்துக்கு இரண்டு ஓரத்திலும் பித்தளைக் கொக்கி போட்டுவிட்டால் கறுக்காது சார்.

கும்பகோணம் வீட்டுக்காரன்:

பெரியவர் எனக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தார், அண்ணே. வாங்கியவர்கள் பால் காய்ச்சிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் வீட்டு அம்மா மாவிலைக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆணி எங்கே தம்பி அடிக்கலாம்?" என்று கேட்டார். கொக்கியைக் காட்டினேன்.