பாகப்பிரிவினையும் பதினோராம் மணிக் கூலியும்

பனைவிளைக்காரன்:
அம்மா படுக்கையில் கிடந்தது ஒன்பது வருஷம். பார்த்துக்கொண்டது நானும் என் வீட்டுக்காரியும். பம்பாயிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை சபையின் அசன விருந்துக்கு வருவான் அண்ணன். அம்மாவின் கையைப் பிடித்து அழுவான், மறுநாள் ரயிலேறிவிடுவான். அம்மாவோ எங்கள் விளையை, அதாவது தோட்டத்தை, எங்கள் இரண்டு பேருக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கொதிப்போடு எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போனேன். "நீங்க சொன்னா அண்ணன் கேப்பான். எனக்குக் கொஞ்சம் கூடுதலா விடச் சொல்லுங்கய்யா." அவர் பைபிளில் லூக்கா 12-ஐ எடுத்து 13-ஆம் வசனத்தில் விரலை வைத்து என்னையே வாசிக்கச் சொன்னார். ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தர என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கூட்டத்தில் ஒருவன் கேட்கிறான். "என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்" என்கிறார் இயேசு. அடுத்த வரியிலேயே பொருளாசைக்கு எச்சரிக்கை. அந்த ஆள் பக்கம் நியாயம் இருந்ததா என்று லூக்கா எழுதவே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். இருந்திருக்கலாம், என் பக்கம் இருந்த மாதிரி.

வீட்டில் போய் மத்தேயு 20 வாசி என்று அனுப்பினார். சண்டே ஸ்கூலில் கேட்ட திராட்சத்தோட்டக் கதைதான். காலையிலிருந்து வெயில் சுமந்தவனுக்கும், பதினோராம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் சாயங்காலம் அஞ்சுக்கு, வந்தவனுக்கும் ஒரே பணம். இத்தனை வருஷமாக என் கண்ணில் படாத ஒன்று: பிந்தி வந்தவனில் தொடங்கிக் கூலி கொடு என்கிறார் எஜமான். முந்தி வந்தவனுக்கு முதலில் கொடுத்திருந்தால், பேசின கூலி கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். அடுத்தவன் கையைப் பார்க்க நின்றதால்தான் அவன் வயிறு எரிகிறது.

தையல்கடை அக்கா:
அண்ணாச்சி, இந்த மாதிரி வசனங்களை வைத்து என் வாயை அடைத்தவர்களும் உண்டு. சபையில் கூட இருந்த ஒருத்தி சீட்டுப் பிடித்து என் 40,000 ரூபாயை முழுங்கிவிட்டாள். "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்" என்று புத்தி சொன்னதெல்லாம் எனக்குத்தான். அதே மத்தேயு 18-இல் கொஞ்சம் மேலே, 15-ஆம் வசனத்தை யாரும் வாசிக்கவில்லை. முதலில் தனியாகப் போய்க் குற்றத்தை உணர்த்து, கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப்போ, அப்புறம் சபைக்குச் சொல். தனியாகப் போனேன், கதவைத் திறக்கவில்லை. ஐயரம்மாவோடு போனேன். உள்ளே கூப்பிட்டாள், காப்பி கொடுத்தாள், அழுதாள். இப்போது மாசம் 1,000 வருகிறது. லூக்கா 19-இல் வரும் ஆயக்காரன் சகேயு மாதிரி நாலு மடங்காகத் திருப்பித் தர வேண்டாம், போட்ட முதல் வந்தால் போதும்! ஆனால் ஒன்று: கணக்கை முடித்துவிட்டு வா என்று, மரத்தில் ஏறியிருந்த சகேயுவிடம் மரத்தடியில் நின்று இயேசு சொல்லவில்லை. முதலில் உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார், காசு அப்புறம்தான் வெளியே வருகிறது.

மாதா கோயில் தெரு:
நாங்கள் கத்தோலிக்கர். திராட்சத்தோட்டக் கதையில் முந்தி வந்து முணுமுணுத்த கூலிக்காரனிடம் எஜமான் கேட்கும் கேள்வி எங்கள் விவிலியத்தில் "பொறாமையா" என்று முடியும். உங்கள் புராட்டஸ்டன்ட் பழைய மொழிபெயர்ப்பில் "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா". கிரேக்க மூலத்திலும் 'பொல்லாத கண்'தானாம். எங்கள் பாட்டி ஒரே வார்த்தையில் கொள்ளிக்கண் என்பாள்.

பனைவிளைக்காரன்:
அக்கா, நான் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் உறுத்தி, ஏழு மாசம் கோயிலில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்குப் போன் போடவும் கை வரவில்லை.

போன அசனத்துக்கு வந்தவன், பந்தியில் இடம் தேடி என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். விளைப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. குழம்பில் உறைப்பு கூடுதல் என்றான். ஆமாண்ணே என்றேன்.