அழகாபுரத்தில் வாடகை வீடு வாங்குகிறேன்: புரோக்கர், பழைய ஓனர், நான், யாருக்கு எது பொறுப்பு?

ஓசூர் சேலத்தான்:

வணக்கம். சேலம் அழகாபுரம் பக்கம் மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடு ஒன்றை வாடகை வருமானத்துக்காக வாங்கலாம் என்று இருக்கிறேன். கீழே இரண்டு, மாடியில் ஒன்று, மூன்றிலும் குடியிருக்கிறார்கள். எனக்கு ஓசூரில் வேலை, அடிக்கடி வந்து பார்க்க முடியாது. "கிரயம் முடிஞ்சதும் வாடகை வசூல், ரிப்பேர் எல்லாத்தையும் நானே பாத்துக்கறனுங்க, வருஷத்துக்கு ஒரு மாச வாடகை குடுத்தா போதும்" என்கிறார் புரோக்கர். 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுக் காட்டினார், சுத்தமாக இருக்கிறது. ஓனர் வயதானவர், கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார், இன்னும் நேரில் பார்க்கவில்லை. மாடிக்காரர் மட்டும் மாத வாடகை தருவதில்லை, "லீஸ்ல இருக்காரு, ஓனர் செட்டில் பண்ணிருவாரு" என்று புரோக்கர் போகிற போக்கில் சொன்னார். இப்போது அட்வான்ஸ் போடச் சொல்லி அவசரப்படுத்துகிறார். கூடவே ஏற்காட்டில் ஒரு பிளாட்டும் (காலி மனை) காட்டுகிறார். நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் இதில் யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

பத்திரம் படிப்பவர்:

தம்பி, அந்த "லீஸ்" என்ற ஒரு வார்த்தைதான் உங்கள் கேள்வியிலேயே பெரிய விஷயம். நம்ம ஊரில் லீஸ் என்றால் முக்கால்வாசி போக்கியம்தான். ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடியிருக்க விடுவது, காலி செய்யும்போது அந்தப் பணத்தை அப்படியே திருப்பித் தருவது. இதை யாரும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கொண்டுபோவதில்லை, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம் மட்டும்தான் வரும். ஆகவே வில்லங்கம் சுத்தமாக இருப்பதும் மாடியில் சில லட்சம் கடன் உட்கார்ந்திருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

சொத்து மாற்றுச் சட்டம் 109ஆம் பிரிவைப் பாருங்கள். குடியிருப்பவரோடு சேர்த்து வீட்டை வாங்கினால், அவர் விரும்பினால் பழைய ஓனரின் கடமைகளை உங்களிடம் கேட்கலாம். "நான் அவரிடம் பணமே வாங்கவில்லையே" என்று நீங்கள் சொல்லி அவரை வெளியே அனுப்ப முடியாது, அது நியாயமும் இல்லை. அந்தப் பணம் அவர் குடும்பத்தின் சேமிப்பு. விற்பவருக்கும் கடமை உண்டு. வாங்குபவர் சாதாரணமாக விசாரித்தும் கண்டுபிடிக்க முடியாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்து, அது அவருக்குத் தெரிந்திருந்தால், சொல்லியே ஆக வேண்டும், 55ஆம் பிரிவு. ஆனால் மாடியில் ஆள் இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரிகிறது, அதனால் விசாரிக்க வேண்டியது நீங்கள்தான். புரோக்கரிடம் கேட்காதீர்கள், மாடி ஏறி அவரிடமே கேளுங்கள்.

அப்புறம், ஓனரைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். பவர் (ஓனருக்குப் பதிலாக விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) போட்டிருக்கிறார்கள் என்றால் எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வரை பாருங்கள், அவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் செல்லாது. அட்வான்ஸ் ஓனரின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள், அதைப் புரோக்கர் ஞாபகப்படுத்துவார் என்று இருக்காதீர்கள்.

மெய்யனூர் வாடகைக்காரி:

நான் குடியிருக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். போன மழைக்கு எங்கள் சமையலறைச் சுவரில் மீட்டர் பெட்டிக்கு மேலேயே ஈரம் இறங்கியது, ஸ்விட்சைத் தொட்டால் சுரீர் என்று அடித்தது. வசூலுக்கு வருபவரிடம் சொன்னால் "ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்", ஓனருக்குப் போன் செய்தால் "அவர்கிட்ட சொல்லியாச்சே". வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. நீங்களும் இப்படி நடுவில் ஒருவரை வைக்கப் போகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் வேலை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு மாதிரியானவை எங்கள் வேலை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. ஆள் வைத்தாலும் இதெல்லாம் உங்கள் பொறுப்புதான். உங்கள் போன் நம்பரை மூன்று வீட்டிலும் கொடுத்துவிடுங்கள், ப்ளீஸ்.

காப்பித் தோட்டம்:

ஏற்காட்டு பிளாட் பற்றி மட்டும் சொல்கிறேன் சார். மனைகளாகப் பிரித்த லேஅவுட் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும், அதை விற்கிற புரோக்கரும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும், பதிவில்லாத லேஅவுட்டை அவர் விற்கவே கூடாது. (அழகாபுரத்துப் பழைய வீட்டுக்கு இது பொருந்தாது, அங்கே புரோக்கர் மேல் ரெராவில் புகார் கொடுக்க வழியில்லை.) மலையில் அதோடு முடியாது. ஏற்காடு ஹாக்கா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுவின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி, அந்தக் குழுவின் அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை "அப்ரூவல்" என்று காட்டினால் நம்பாதீர்கள்.

நாகலூர் பக்கம் போய்ப் பாருங்கள், சில்வர் ஓக் மரத்தை மிளகுக் கொடியோடு வெட்டிச் சாய்த்து, ஜேசிபி விட்டுச் சரிவில் செம்மண் ரோடு போட்டு, கல் நட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு மழைக்கு அந்த ரோடு கீழ்த் தோட்டத்தில் கிடக்கும். கீழே இருப்பவர் வந்து கேட்பது புரோக்கரை இல்லை, பட்டாவில் பெயர் இருப்பவரைத்தான். பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலமா, நிபந்தனைப் பட்டாவா (விற்பதற்குக் கட்டுப்பாடு போட்டு அரசு கொடுத்தது) என்றும் தாலுகா ஆபீஸில் கேளுங்கள். அது நிபந்தனை நிலமாக இருந்தால் உங்கள் பணமும் போகும், அந்தக் குடும்பத்தின் நிலமும் போகும்.

ஓசூர் சேலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வந்தேன். மாடிக்காரர் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பரை எடுத்துக் காட்டினார், போக்கியம் 6 லட்சம், இன்னும் ஒரு வருடம் பாக்கி. வீடு விலைக்கு வருவதே அவருக்குத் தெரியாது. கீழே இருவரும் ஆளுக்கு 60,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள், புரோக்கர் என்னிடம் சொன்னது 30,000. ஏற்காட்டை விட்டுவிட்டேன். வீடு பிடித்திருக்கிறது, மேற்கொண்டு எப்படிப் போவது?

பத்திரம் படிப்பவர்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. 6 லட்சமும் 1,20,000 ரூபாயும் விலையில் கழிய வேண்டும், அதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள். மாடிக்காரர் இருக்க விரும்பினால் அந்த ஒரு வருடத்துக்கு உங்கள் பெயரில் புதிதாக எழுதிக் கொடுங்கள். போகிறார் என்றால் கிரயத்தன்று அவர் பெயருக்குத் தனி டிடி எடுத்து, சாவியையும் ரசீதையும் கையோடு வாங்குங்கள். இனி வாடகையை உங்களுக்குத் தரச் சொல்லி மூவருக்கும் பழைய ஓனர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். ரிப்பேருக்கு மட்டும் உள்ளூரில் ஒரு ஆள் போதும், உங்களைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் தொகையில் பாதியை மறைத்தவரிடம் அந்த வேலையைத் தராதீர்கள்.