புதுத் தந்தையின் இரவுக் கதைகளை அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்கலாமா?

உளிமரம் (தொடக்கப் பதிவு)

எங்கள் மகளுக்கு இன்றோடு பத்து வாரங்கள் நிறைகின்றன. இரண்டு வார விடுப்பு முடிந்து நான் பணிக்குத் திரும்பிய நாள் முதல், மதிய இடைவேளையில் என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கூடிவிடுகிறது. "நேற்று இரவு என்ன நடந்தது?" என்று கேட்பார்கள், நானும் சொல்வேன்.

முதல் கதை என்னைப் பற்றியது. விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கைப் போட்டால் குழந்தை முழுதாக விழித்துக்கொள்வாள் என்று இருட்டிலேயே டயப்பரை மாற்றி, உடுப்பின் அழுத்துப் பொத்தான்களைத் தடவித் தடவிப் போட்டு முடித்தேன். காலையில் பார்த்தால் வரிசை முழுவதும் ஒன்று தள்ளிப்போய், கடைசிப் பொத்தான் இணையில்லாமல் நின்றது. அந்த இடைவெளியில் ஒரு கால் வெளியே வந்திருந்தது. "நாற்பது பேருடைய வேலைக்கு அட்டவணை போடுகிறவருக்கு ஐந்து பொத்தான் போட வரவில்லையே!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் மனம்விட்டுச் சிரித்தேன். அன்று முதல் அங்கே என் பெயரே "பொத்தான்" என்றாகிவிட்டது.

இரண்டாவது கதைதான் என்னை இங்கே எழுத வைத்தது. என் மனைவி நாற்பது நிமிடங்கள் அமர்ந்து பம்பில் எடுத்து வைத்திருந்த 60 மில்லி தாய்ப்பாலை, மூடி சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் நான் தூக்கியதில், அவ்வளவும் மேசையில் கொட்டிவிட்டது. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தரையில் அமர்ந்து அழுதாள். மறுநாள் நான் அதையும் கதையாக்கினேன். அவள் அழுத விதத்தையும் நடித்துக் காட்டினேன். சில நாள்கள் கழித்து, என்னுடன் பணிபுரிபவரின் மனைவி தொலைபேசியில் நலம் விசாரிக்கும்போது அந்தப் பேச்சு வந்திருக்கிறது. அன்று மாலை என் மனைவி என்னிடம் கேட்டது இதுதான்: "நான் அழுததை நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? சிரிப்பதற்காகவா அதை எடுத்துக்கொண்டு போனீர்கள்?"

மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆயினும் என் மனத்தில் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. முன்பெல்லாம் ஞாயிறுதோறும் தச்சு வேலை செய்வேன்; இந்தப் பத்து வாரங்களில் கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நாள் முழுவதிலும் எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இருபது நிமிடப் பேச்சும் சிரிப்பும்தான். பால் கொட்டிய கதையைச் சொன்னது தவறு என்பதை ஏற்கிறேன். கதை சொல்வதே தவறு என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

இருமகவு

நண்பரே, நான் இரண்டு குழந்தைகளின் தந்தை. உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். முதல் குழந்தை பிறந்தபோது நான் சதுரங்கக் குழுவை விடாமல் வாரம் இருமுறை மாலையில் ஆடப் போனேன்; அந்த மூன்று மணி நேரத்தை என் மனைவியின் ஓய்விலிருந்துதான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது. இரண்டாவது குழந்தையின்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, உங்களைப் போலவே அலுவலகத்தில் பேசிச் சிரித்து நாளைக் கடத்தினேன். பொழுதுபோக்கு வீட்டிலிருந்து நேரத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சக பணியாளர்களோடு சிரிப்பது வீட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை. பச்சிளங் குழந்தையின் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணியும். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு மனிதனுக்குச் சிரிப்பு வேண்டும். ஒரு கதை எல்லை மீறியது என்பதற்காக எல்லாக் கதைகளையும் பூட்டி வைக்கச் சொல்வது நியாயமாகாது.

விடியல்தாய்

மேலே எழுதியவரின் வாதத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். வீட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்கிறார். அந்தப் பெண்ணின் அழுகையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களே, அது வீட்டில் நடந்ததுதானே?

முதல் சில வாரங்களில் குழந்தை ஒரு நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் அரை மணி என்று வைத்துக்கொண்டாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அதற்கே போய்விடுகிறது. அதற்கு மேல் ஏப்பம் விட வைப்பதும், துணி மாற்றுவதும், மீண்டும் உறங்க வைப்பதும் இருக்கின்றன. இவ்வளவுக்கும் நடுவே நாற்பது நிமிடம் ஒதுக்கி எடுத்த 60 மில்லி என்பது, தான் ஒருமுறை தொடர்ச்சியாக உறங்குவதற்காக அவர் சேர்த்து வைத்த நேரம். மேசையில் கொட்டியது அந்த உறக்கம். அந்த மதிய வேளையில் சிரித்தவர்களுள் ஒருவருக்கேனும் இது தெரிந்திருக்குமா?

பொத்தான் கதையையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அது தம்மைப் பற்றிய கதைதானே என்று உளிமரம் நினைக்கிறார். தந்தைக்குக் குழந்தை வேலை வராது என்ற நினைப்பு கேட்பவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால்தான் அங்கே சிரிப்பு எழுகிறது. அதே பொத்தானை ஒரு தாய் தவறாகப் போட்டிருந்தால், "கவனமில்லை" என்றிருப்பார்கள். நான் பணிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், தோளில் பால் கறை இருந்த சட்டையோடு கூட்டத்துக்குப் போய்விட்டேன். யாரும் சிரிக்கவில்லை, ஒருவர் மட்டும் கண்ணைத் திருப்பிக்கொண்டார். ஒரே களைப்பு அவருக்குக் கைதட்டலையும் எனக்குச் சங்கடத்தையும் தருகிறது என்றால், அந்தக் கைதட்டலை அவர் வாங்கிக்கொள்ளும் முன் சற்று யோசிக்க வேண்டும்.

இருமகவு

சகோதரி, நீங்கள் பட்ட சங்கடம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலகத்தின் அந்த வழக்கத்துக்கு இவர் ஒருவரைப் பொறுப்பாக்குகிறீர்கள். தந்தையர் இரவு விழிப்பைப் பற்றி வெளியே பேசவே கூடாது என்றாகிவிட்டால், தந்தையும் இரவில் எழுகிறான் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். பொத்தான் கதையைக் கேட்ட இளைஞர் ஒருவராவது, நாளைக்குத் தம் வீட்டிலும் மூன்று மணிக்கு எழ வேண்டியவர் தாமே என்று உணர்ந்திருக்க மாட்டாரா?

குழுப்பொறுப்பு

நான் பல ஆண்டுகளாக ஒரு பணிக்குழுவை நடத்துகிறேன். நீங்கள் இருவரும் வீட்டுப் பக்கத்திலிருந்தே பார்க்கிறீர்கள். அலுவலகப் பக்கத்திலிருந்து நான் கண்டதைச் சொல்கிறேன்.

என் குழுவில் ஓர் இளைஞர் தந்தையானார். அவரையும் இப்படித்தான் எல்லோரும் அன்போடு கேலி செய்தோம். கொட்டாவி விட்டால் ஒரு சிரிப்பு. மாலையில் பையை எடுத்தால் "வீட்டில் இரண்டாம் ஷிஃப்ட் தொடங்குகிறது" என்று ஒரு குரல். நானும் சிரித்தவன்தான். மூன்றாம் மாதத்தில் அவருடைய வேலையில் பிழைகள் கூடியபோது தனியே அழைத்துப் பேசினேன். காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்க வேண்டும் என்று ஆறு வாரங்களாக நினைத்திருக்கிறார்; கேட்டால் அதுவும் ஒரு நகைச்சுவை ஆகிவிடும் என்று அஞ்சி, கேட்காமலே இருந்திருக்கிறார். எங்கள் சிரிப்பில் தீய எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அது அவருடைய வாயை அடைத்துவிட்டது. தம் களைப்பை வேடிக்கையாகச் சொல்லிப் பழகியவர், அதையே ஒரு கோரிக்கையாக முன்வைக்கும் நாளில் எவரும் நம்பிக் காது கொடுப்பதில்லை.

ஸ்வீடன் 1974இலேயே தாய், தந்தை இருவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஊதியத்துடனான பெற்றோர் விடுப்பைச் சட்டமாக்கியது. ஆனாலும் தந்தையர் அதைப் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பதால், 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்க வேண்டியிருந்தது; அதை அவர் எடுக்காவிட்டால் குடும்பம் அந்த மாதத்தை இழந்துவிடும். உரிமை ஏட்டில் இருப்பது ஒன்று, மேசைக்கு மேசை இருக்கும் பார்வைகளைத் தாண்டி அதைக் கேட்டு வாங்குவது வேறொன்று. உளிமரத்துக்கு என் கேள்வி: "பொத்தான்" என்று அழைக்கப்படுகிற ஒருவர், நேர மாற்றம் வேண்டும் என்று நாளை உங்கள் மேலாளர் முன் நின்று கேட்க முடியுமா?

இரவுச்செவிலி

நான் மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரிகிறேன். அவரைப் பேச்சை நிறுத்தச் சொல்பவர்கள் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு தாய்க்கு மட்டுமே உரியதன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தந்தையரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடம் அது காணப்படுவதாகவும், குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மிகுதியாகத் தென்படுவதாகவும் தெரிவித்தது. உளிமரம் அந்தக் காலத்தின் வாசலில் நிற்கிறார். எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை, விருப்பமாகச் செய்த வேலையைத் தொடக்கூட மனமில்லாமை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனவே பேச வேண்டாம் என்று சொல்லாதீர்கள். யாரிடம், எப்படிப் பேசுவது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எட்டுப் பேருக்கு நடித்துக் காட்டாமல், நம்பிக்கையான ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாம்.

தச்சு வேலையைப் பற்றியும் ஒரு சொல். மீண்டும் தொடங்குவது நல்லதே. ஆனால் மின் வாள் இப்போது வேண்டாம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் நிலையில் கைவிரல்களை அந்த வாளருகே கொண்டுபோகக் கூடாது. மரத்தூள் படிந்த சட்டையோடு குழந்தையைத் தூக்கவும் கூடாது.

இருமகவு

குழந்தைக்கே ஒரு கட்டில் செய்து கொடுக்கலாமே? பொழுதுபோக்கும் ஆயிற்று, வீட்டுக்கு வேலையும் ஆயிற்று.

உளிமரம்

அதை முதல் மாதத்திலேயே யோசித்துக் கைவிட்டேன். சட்டங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளலாம். மூட்டுகள் தளரக் கூடாது. பூச்சில் நச்சு இருக்கக் கூடாது. உறக்கமற்ற கையால் அந்தப் பொறுப்பை ஏற்க எனக்குத் துணிவில்லை.

மற்றவற்றுக்கு வருகிறேன். விடியல்தாய் அவர்களே, கொட்டியது உறக்கம் என்று நீங்கள் எழுதிய வரியை மூன்று முறை படித்தேன். அந்த இரவில் நான் பாலைத்தான் பார்த்தேன். மேசையைத் துடைத்தேன், புட்டியைக் கழுவினேன், "பரவாயில்லை, இன்னொரு முறை எடுக்கலாம்" என்றுகூடச் சொன்னேன். அவள் ஏன் அந்தச் சொல்லுக்குப் பிறகு இன்னும் அதிகமாக அழுதாள் என்பது எனக்கு இன்றுதான் புரிகிறது.

ஆயினும் பொத்தான் கதையில் உங்களோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. அன்று அவர்கள் சிரித்தபோது, பத்து வாரங்களில் முதல்முறையாக நான் தனியாக இல்லை என்று தோன்றியது. அது பொய்யான உணர்வு என்று நீங்கள் சொன்னாலும், நான் உணர்ந்தது அதைத்தான்.

குழுப்பொறுப்பு அவர்களின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நான் இதுவரை எதையும் கேட்டதில்லை என்பதை அதைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

விடியல்தாய்

தனியாக இல்லை என்று தோன்றியதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு அந்த இருபது நிமிடம் நாள்தோறும் கிடைக்கிறது. உங்கள் மனைவிக்கு அப்படி ஒரு வேளை உண்டா? கதை சொல்லலாமா கூடாதா, உளியை எடுக்கலாமா கூடாதா என்று இவ்வளவு நேரம் விவாதித்தோம். அவருக்கு வேண்டிய ஒரு மணி நேரம் எது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதைக் கொடுத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை உளியைத் தாராளமாக எடுங்கள். அதை எவரும் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன்.

இருமகவு

இதில் மட்டும் சகோதரியுடன் உடன்படுகிறேன். சிரிப்பைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

உளிமரம்

நேற்று இரவு கேட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். நான் கேட்டதும் நின்று, சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மாலை ஐந்திலிருந்து ஆறு வரை" என்றாள். குழந்தை நாளிலேயே மிகுதியாக அழுவது அந்த நேரத்தில்தான். பணிக்குத் திரும்பிய பிறகு ஒரு வேலை நாளில்கூட அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததில்லை. அதனால்தான் நான் கேட்ட அழுகை பெரும்பாலும் இரவு அழுகையாகவே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வாய் என்றேன். "கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன், அவ்வளவுதான்" என்றாள்.

அதற்கு நான் நான்கேகாலுக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். காலையில் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து ஈடுசெய்ய முடியும்.

குழுப்பொறுப்பு

எழுத்தில் கேளுங்கள். வரும் நேரம், கிளம்பும் நேரம், எத்தனை மாதங்களுக்கு வேண்டும், நீங்கள் கிளம்பிய பிறகு அவசரம் எழுந்தால் யார் பார்ப்பார் என்ற நான்கையும் எழுதுங்கள். களைப்பைப் பற்றி ஒரு வரி போதும். மன்னிப்புக் கோரும் தொனி வேண்டாம். மதிய வேளையில் மற்றவர்களிடம் சொல்வதற்கு முன் மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள்; முந்திக்கொண்டு அது கதையாகப் பரவினால், அவர் கோரிக்கையைப் படிப்பதற்கு முன்பே சிரிப்பைக் கேட்டிருப்பார்.

உளிமரம்

எழுதிவிட்டேன். மூன்று மாதங்களுக்கு என்று கேட்டிருக்கிறேன். நாளைக் காலை கொடுக்கிறேன்.