புதுப்பிப்பு: பேனா பிளாங்க் உடைவது நின்றது, பாலிஷ் மட்டும் பாக்கி

போன பதிவில் கேட்டிருந்தேன்: அக்ரிலிக் பிளாங்கில் (பேனா உடலாகக் கடைய எடுக்கும் கட்டை) உள்ளே வைக்கும் பித்தளைக் குழாய்க்காக 7 மி.மீ. துளை போடும்போது மறுமுனை சிதறுகிறது, லேத்தில் (கடைசல் இயந்திரம்) கடையும்போது ஓரம் பிய்கிறது, என்ன வழி என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

துளை விஷயம் தீர்ந்தது. பிளாங்கை ஒரு சென்டிமீட்டர் கூடுதல் நீளத்தில் அறுத்து, டிரில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் முன்பே நிறுத்தி, மூடியிருக்கும் நுனியை ரம்பத்தால் அறுத்துவிடுகிறேன். சிதற இடமே இல்லை. அடுத்த எதிரி சூடு. 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அக்ரிலிக் இளகி பிட்டைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் குடைவது, பிட்டை வெளியே இழுத்துத் துகளைத் தட்டுவது, மறுபடி குடைவது. பொறுமை இல்லாதவர்கள் மரத்தோடு நின்றுகொள்ளலாம்!

கடைசலில் எல்லாமே உளியின் கூர்தான். வேகத்தைக் கூட்டச் சொன்னார் ஒருவர், குறைக்கச் சொன்னார் இன்னொருவர். சாணை சரியாக இருந்தால் இரண்டிலும் ஓடுகிறது. துகள் பொரிப்பொரியாகப் பறந்தால் உளி மழுங்கிவிட்டது. இடியாப்பம் போல நீள இழையாக வந்தால் சரி. அந்த இழை மாண்ட்ரலில் (பிளாங்கைக் கோத்துச் சுழற்றும் கம்பி) சுற்றிக்கொள்ளும், லேத்தை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள். பாலியெஸ்டர் பிளாங்க் இன்னும் நொறுங்கும் ரகம். அதற்கு நெகடிவ் ரேக் ஸ்கிரேப்பர், அதாவது மேல்பக்கமும் சரிவாகத் தீட்டிய சுரண்டு உளி.

ஒளி ஊடுருவும் நிறமென்றால் துளைக்குள் பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லையேல் பித்தளை தெரியும்.

பாலிஷுக்கு 400ஆம் எண்ணிலிருந்து 2000 வரை உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது, ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒரு தேய்ப்பு. கறுப்பு பிளாங்கில் மட்டும் வட்டக் கீறல் போகவில்லை. பஃப் சக்கரம் (பளபளப்பாக்கும் துணிச் சக்கரம்) வாங்கியவர்கள் சொல்லுங்கள், காசுக்குத் தகுமா?