தோணியில் செல்லும்போது டிடிஎச் கிடைக்க வழி உண்டா?

பழையதுறைமுகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் மாலேக்குச் சரக்கு கொண்டு செல்லும் தோணி ஒன்றில் எங்கள் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. ஜல்லி, சிமெண்ட், காய்கறி என்று ஏற்றிக்கொண்டு சுமார் 400 கடல் மைல் போக வேண்டும். மாலேயில் சரக்கு இறக்க முறை வரும்வரை நங்கூரத்தில் காத்துக்கிடப்பதும் வழக்கம். அந்த நேரத்தில் தண்டலும் (தோணியின் தலைவர்) கலாசிகளும் (மாலுமிகள்) செய்தியும் கிரிக்கெட்டும் பார்க்க ஏதாவது ஏற்பாடு செய்து தரும்படி நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள்.

இப்போது அமரத்தில் (தோணியின் பின்பக்கம்) உள்ள அறையின் கூரை மீது வீட்டுக்குப் பொருத்தும் 60 செ.மீ. டிஷ் ஒன்றைப் போல்ட் போட்டு முறுக்கி வைத்திருக்கிறோம். அது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் உள்ள செயற்கைக்கோளை நோக்கித் திருப்பப்பட்டது. பழைய துறைமுகத்தில் தோணியைக் கட்டியிருக்கும்போது படம் தெளிவாக வருகிறது. தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கும்போது வருவதும் போவதுமாக இருக்கிறது. ஓட்டத்தில் அறவே இல்லை. மாலேயில் கடல் அமைதியாக இருந்த நாளிலும் ஒரு சானல்கூடக் கிடைக்கவில்லை.

தானாகத் திரும்பும் டிஷ் உள்ளே வைத்த, குடை போன்ற வெள்ளை டோம் ஒன்றை ஒரு விற்பனையாளர் பரிந்துரைக்கிறார். அதன் உள்ளே இருக்கும் டிஷ்ஷின் அளவு 37 செ.மீ.; விலையோ சில லட்சம். மாலே வரை தடையில்லாமல் வேலை செய்யும் என்கிறார். அவர் சொல்வதை நம்பி வாங்கலாமா? செலவு குறைந்த வழி ஏதேனும் உண்டா? திசைகாட்டியைத் தொங்கவிட்டிருப்பதுபோல் டிஷ்ஷுக்கு அடியில் கனமான எடையைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடாமல் நிற்குமே என்று என் மைத்துனர் கேட்கிறார். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

---

அலைவரிசை எழுதியது:

அண்ணாச்சி, கொச்சியில் கப்பல்களுக்கு ரேடார், ரேடியோ, ஆன்டெனா பொருத்தும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் விவரித்த நான்கு நிலைகளுக்கும் காரணம் தனித்தனியானது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குச் செலவு செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

60 செ.மீ. டிஷ், டிடிஎச் வரும் அலைவரிசைத் தொகுதியான கேயூ பேண்டில், வானத்தைப் பார்க்கும் கற்றையின் அகலம் ஏறத்தாழ 3 டிகிரிதான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னல் பாதியாகிவிடும். இன்னும் சற்று விலகினால் செட்டாப் பாக்ஸ் கைவிட்டுவிடும். சரக்கு ஏற்றிய தோணி சாதாரண அலையிலேயே இருபுறமும் பத்து டிகிரி உருளும் என்பதால், ஓட்டத்தில் படம் வராததில் வியப்பில்லை.

நங்கூரத்தில் வந்துபோவதற்குக் காரணம் வேறு. வெளிநாட்டுப் படகுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது, ஏனெனில் ஐரோப்பாவில் செயற்கைக்கோள் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து பார்த்தால் 83 டிகிரி செயற்கைக்கோள் 78 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது. தலைக்கு மேலே நிற்கும் ஒன்றைப் பார்க்கும் டிஷ், படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திரும்புவதால் பெரிதாகப் பாதிக்கப்படாது. தோணியின் அணியம் (முன்பக்கம்) 10 டிகிரி திரும்பினாலும் கற்றை வானத்தில் விலகுவது 2 டிகிரிதான். ஐரோப்பாவில் இதே திருப்பத்துக்குக் கற்றை ஏறக்குறைய 9 டிகிரி விலகிவிடும். ஆகவே அலையில்லாத இடத்தில் தோணி லேசாகச் சுற்றினால் உங்களுக்குப் படம் நிற்கும்; அதிகமாகச் சுற்றினால் போகும்; திரும்பி வந்தால் மீண்டும் கிடைக்கும். உருளுவது அப்படியல்ல. உருளும் ஒவ்வொரு டிகிரியும் கற்றையில் ஏறக்குறைய முழுதாகவே தெரியும்.

மாலேயில் வராததற்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது திசை. தூத்துக்குடியில் 83 டிகிரி செயற்கைக்கோள், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் 151 டிகிரியில், அதாவது தென்தென்கிழக்கில் இருக்கிறது. மாலேயில் அது 113 டிகிரிக்கு, கிழக்குப் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அடுத்தது எல்என்பியின், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிய கம்பியில் இருந்து சிக்னலை வாங்கும் கருவியின், சாய்வு. நம் டிடிஎச் சிக்னல்கள் குறுக்கு, நெடுக்கு என்று இரு அச்சுகளில் வருபவை. அந்த அச்சுக்கு ஏற்ப எல்என்பியைத் திருகி வைக்கிறோம். தூத்துக்குடிக்கும் மாலேக்கும் இடையே இந்தச் சாய்வு 38 டிகிரி மாறுகிறது. திசையைச் சரிசெய்துவிட்டு எல்என்பியைத் திருகாமல் விட்டால் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதோடு மற்ற அச்சின் சிக்னலும் உள்ளே புகுந்து குழப்பும். கடைசியாக, இந்தச் செயற்கைக்கோள்களின் கற்றை இந்திய நிலப்பரப்பை நோக்கி வடிவமைக்கப்பட்டது. தெற்கே போகப்போக வலு குறையும்.

உங்கள் மைத்துனரின் யோசனை காலங்காலமாகக் கேட்கப்படுவதுதான். திசைகாட்டி சிறியது, திரவத்தில் மிதப்பது, சில டிகிரி பிசகினாலும் வாசிக்க முடியும். எடை கட்டிய டிஷ்ஷோ தோணி அலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கவாட்டில் தள்ளப்படும்போதும் தானே ஊசலாடத் தொடங்கிவிடும். காற்றும் அதைத் தள்ளும். ஒன்றரை டிகிரிக்குள் அதை நிறுத்த முடியாது. அதனால்தான் டோம்களில் சுழற்சியை அளக்கும் சென்சார்களும் மோட்டார்களும் வைத்து, ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் டிஷ்ஷை நொடிக்குப் பலமுறை நகர்த்துகிறார்கள்.

---

காயல்கரை எழுதியது:

நான் ஆலப்புழையில் படகு வீடுகளுக்கு மின்சார வேலை பார்க்கிறேன். இங்கே மாலை ஆனதும் படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள், இரவில் மீனவர்கள் வலை விரிப்பார்கள் என்பதால். விருந்தினர்கள் தொலைக்காட்சி போடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எனவே யாரும் டோம் வாங்குவதில்லை.

நாங்கள் செய்வது இதுதான். ஒன்றரை அங்குல ஜிஐ குழாயைத் தளத்துக்கு நேர்செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் இன்னொரு குழாயைத் தொப்பிபோல் செருகி, டிஷ்ஷை வெளிக்குழாயில் மாட்டுகிறோம். உயரக் கோணத்தை ஒருமுறை வைத்து முறுக்கிவிட்டால் அதைத் தொட வேண்டியதில்லை. படகு எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் வெளிக்குழாயை மட்டும் கையால் சுற்றினால் போதும். ஒருவர் சுற்ற, ஒருவர் திரையில் சிக்னல் பட்டையைப் பார்த்துச் சொல்ல, இரண்டு நிமிடத்தில் படம் வந்துவிடும். பிறகு பக்கத்தில் உள்ள நட்டுப் போல்ட்டை இறுக்கிவிடலாம். கேபிளை மட்டும் இரண்டு சுற்று தளர்வாக விட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் நாலு நாளில் கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டர் பிடுங்கிக்கொள்ளும்.

உப்புக்காற்றில் கனெக்டர்தான் முதலில் கெடும். சாதாரண இன்சுலேஷன் டேப் நிற்காது. தானே ஒட்டி ஒன்றாகிவிடும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

---

எஞ்சின்அறை எழுதியது:

காயல்கரை சொன்ன குழாய் ஏற்பாடு துறைமுகத்துக்கும் அமைதியான நங்கூரத்துக்கும் நல்ல வழிதான், ஓட்டத்துக்கு உதவாது. சரக்குக் கப்பலில் பணிபுரிபவன் என்பதால் டோம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

இன்டெலியன் போன்ற நிறுவனங்கள் 33 செ.மீ. முதல் 60 செ.மீ., அதற்கும் மேல் எனப் பல அளவில் டோம்கள் செய்கின்றன. 37 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு 60 செ.மீ. டிஷ்ஷின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. கரையோரம் வேண்டுமானால் தாக்குப்பிடிக்கலாம். கற்றை வலுவிழந்த இடத்தில், அதுவும் மழை மேகம் வந்தால், அதிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது. மாலே வரை தடையில்லாமல் வரும் என்ற வாக்குறுதியை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள், விற்பனையாளரின் குரல் மாறிவிடும்.

பொருத்தும் இடமும் முக்கியம். ரேடார் சுற்றும் மட்டத்தில் டோமை வைக்கக் கூடாது. அதற்கு மேலோ கீழோ, கற்றை படாத இடத்தில் வையுங்கள். பாய்மரம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செயற்கைக்கோள் உயரத்தில் நிற்பதால், மரத்தையும் பாயையும் ஒட்டி வைக்காமல் இருந்தாலே போதும்.

இணையம் வழியாகப் பார்க்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். மாலத்தீவில் 2024 முதல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை இருக்கிறது. ஆனால் டிடிஎச் டிஷ் சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். இணையக் கருவி திருப்பி அனுப்பவும் செய்யும். இந்தியக் கடல் எல்லைக்குள் கப்பலில் அதைப் பயன்படுத்த, விமான, கடல்சார் இணைப்பு விதிகள் 2018இன்படி உரிமம் பெற்ற சேவையாக இருக்க வேண்டும். உரிமமில்லாத கருவியோடு தூத்துக்குடிக்குள் நுழைந்து சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

---

பழையதுறைமுகம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. குழாய் ஏற்பாட்டை அடுத்த ஓட்டத்துக்கு முன்பே செய்துவிடலாம் என்று தண்டலிடம் பேசிவிட்டேன். டோம் வாங்குவதானால் 60 செ.மீ. அளவுதான் என்பதும் புரிகிறது. அலைவரிசை அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி: எந்தச் சேவையை எடுப்பது என்பதில் ஏதேனும் வேறுபாடு உண்டா? அல்லது எல்லாம் ஒன்றுதானா?

---

அலைவரிசை எழுதியது:

பெரிய வேறுபாடு உண்டு அண்ணாச்சி. டோம் வாங்கும் பலரும் பணம் கொடுத்த பிறகுதான் இதை அறிகிறார்கள்.

டோமுக்குள் இருக்கும் டிஷ் இரண்டு மோட்டார்களில் இயங்குகிறது: ஒன்று சுற்றுவதற்கு, மற்றொன்று ஏற்றி இறக்குவதற்கு. செயற்கைக்கோள் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால் இந்த அமைப்பு திணறும். 83 டிகிரி செயற்கைக்கோள் உங்களுக்கு உச்சியிலிருந்து 12 டிகிரிக்குள்தான் இருக்கிறது. தோணி அந்தப் பக்கமாக 12 டிகிரி சாய்ந்தால் அது தளத்துக்கு நேர் மேலே வந்து, அடுத்த நொடி மறுபக்கம் போய்விடும். அப்போது சுற்றும் மோட்டார் அரைச் சுற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சுற்றியாக வேண்டும். சுற்ற முடியாமல் சிக்னலை விட்டுவிட்டு மறுபடி தேடத் தொடங்கும். ஒவ்வொரு பெரிய அலைக்கும் இது நடந்தால் படம் பார்த்ததாகவே இருக்காது. மூன்றாவது அச்சிலும் டிஷ்ஷைத் திருப்பும் டோம்களில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் விலை அதற்கேற்ப ஏறும்.

இரண்டு அச்சு டோம்தான் என்றால், கிழக்கே தள்ளி நிற்கும் செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டாடா பிளே 83 டிகிரியில் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் ஜிசாட் 15 வழியாக 93.5 டிகிரியிலிருந்து வருகிறது. தூத்துக்குடியில் அதன் உயரம் 69 டிகிரி, அதாவது உச்சியிலிருந்து 21 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஏர்டெல் 108.2 டிகிரியில், எஸ்இஎஸ் 7 செயற்கைக்கோளில் இருக்கிறது. அதன் உயரம் 54 டிகிரிதான், தோணி எவ்வளவு உருண்டாலும் உச்சியைத் தொடாது. தூத்துக்குடியிலிருந்து மாலே போகும்வரை அதன் திசையும் 9 டிகிரி அளவுக்கே மாறும்.

காயல்கரை சொன்ன கைச்சுற்றுக் குழாய்க்கு இதுவே தலைகீழ். நங்கூரத்தில் தோணி லேசாகத் திரும்பும்போதும் படம் நிற்க வேண்டுமானால் 83 டிகிரிதான் ஏற்றது. 108 டிகிரி செயற்கைக்கோளைப் பார்க்கும் டிஷ்ஷை மூன்று மடங்கு அடிக்கடி சுற்ற வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: 83 டிகிரி செயற்கைக்கோளின் உயரம் தூத்துக்குடியிலும் மாலேயிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உயரக் கோணத்தை மாற்றாமல் குழாயையும் எல்என்பியையும் திருகினால் போதும். எல்என்பியின் கழுத்தில் தூத்துக்குடிக்கு ஒரு கோடும் மாலேக்கு ஒரு கோடும் பெயிண்டால் போட்டு வையுங்கள். ஆனால் மாலேயில் அந்த 60 செ.மீ. டிஷ் போதாமல் போக வாய்ப்பு அதிகம். குழாய்க்குச் செலவு குறைவு என்பதால் 90 செ.மீ. டிஷ்ஷாகவே மாட்டிவிடுங்கள். டிஷ் பெரிதாகும்போது கற்றை 2 டிகிரியாகக் குறுகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துச் சற்று நிதானமாகச் சுற்ற வேண்டும். சந்தா சேவைகள் இந்திய முகவரிக்கு உரியவை என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் இல்லை, ஆனால் அதில் தமிழ்ச் சானல்கள் குறைவு.

டோம் வாங்கச் சென்றால் விற்பனையாளரிடம் இவற்றைக் கேளுங்கள். எல்என்பி நேர்கோட்டு அச்சுக்கு உரிய யுனிவர்சல் வகையா? அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த டோம்களில் வட்ட அச்சு எல்என்பி இருக்கும், அது நம் சேவைகளுக்கு உதவாது. சாய்வை அது தானாகவே திருகிக்கொள்ளுமா, அல்லது மூடியைத் திறந்து கையால் திருக வேண்டுமா? நீங்கள் எடுக்கப்போகும் செயற்கைக்கோள் அதன் பட்டியலில் உள்ளதா, இல்லையென்றால் அலைவரிசையையும் சிம்பல் ரேட்டையும் (சிக்னலில் தரவு வரும் வேகம்) நாமே பதிவுசெய்ய முடியுமா? எத்தனை டிகிரி உயரம் வரை பின்தொடரும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

இவை எதுவும் வேண்டாம் என்று தண்டல் நினைத்தால், பென் டிரைவில் பதிவுசெய்யும் செட்டாப் பாக்ஸ் ஒன்றை வாங்கி, பழைய துறைமுகத்தில் கட்டியிருக்கும் நாட்களில் நிகழ்ச்சிகளைப் பதிந்து கொடுத்துவிடுங்கள். செய்தியும் நேரலைக் கிரிக்கெட்டும் அதில் கிடைக்காது, மற்றதெல்லாம் கிடைக்கும். சில பாக்ஸ்கள் பதிவுசெய்ததைத் திருப்பிக் காட்டவும் சிக்னல் கேட்கும். வாங்கும் முன் கேபிளைக் கழற்றி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.